இலைமேல் கல்

ஸ்டெல்லா, அருள், இது ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டபோது அருள் ஒரு பேச்சை எடுத்தான். வெளியூர் போகும்போது சாப்பிட்டதில் எந்தச் சாப்பாடு இன்னும் நாக்கிலேயே நிற்கிறது என்று. ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். மாப்பிள்ளை ஏதோ மலைப்பாதையில் மழையில் நனைந்துகொண்டு சாப்பிட்ட பரோட்டாவைச் சொன்னார். ஸ்டெல்லா மட்டும் யோசிக்கவே இல்லை.

"சவுக்குத் தோப்புல எல மாமா போட்ட புளிசாதம். அதுக்கு மேல ஒரு சாப்பாடு நான் சாப்புடவே இல்ல. அது இன்னொரு தடவ கெடைக்குமா? இல்லப்பா?"

நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. "என்னா, வயித்துக்கு ஒத்துக்கலியா?" என்று உங்கள் அம்மா கேட்டாள். வயிறு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எல மாமாவுக்குத் தெரியும்.

வாயால் சொல்ல வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

அருள், உனக்கு எல மாமாவைத் தெரியாது. அப்போது நீ மடிக் குழந்தை. ஒல்லியான ஆள். கொஞ்சம் முன்பக்கமாகக் குனிந்த நடை. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் கூழாங்கல் கிடக்கும். வழியில் கண்ணில் படுகிற கல்லில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி தட்டையாக இருப்பதை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வார். அவர் சம்சாரம் உங்கள் அம்மாவிடம் சொல்லி அழும். "ஊற வைக்கலாம்னு சட்டைய ஒதறனா கல்லு கொட்டுது. நான் மனுசனுக்கு வாக்கப்பட்டேனா மண்ணு லாரிக்கு வாக்கப்பட்டேனா?"

சுரங்கத்தில் அவர்தான் எங்கள் கூட்டத்துக்குப் பெரிய ஆள். அவர் பர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நாங்கள் கான்ட்ராக்ட். மந்தாரக்குப்பத்தில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மண்ணும் நிலக்கரியும் கிலோமீட்டர் கணக்கில் போகிற ரப்பர் பெல்ட் இருக்கிறதே, அதுக்கு அடியில் சிந்திக் கிடக்கிறதை வாரி எடுப்பது எங்கள் வேலை. வாருகிற நேரத்துக்கு பெல்ட்டை நிறுத்துவார்கள். முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம் என்று அவர் போனில் சொன்ன பிறகுதான் மறுபடி ஓட்டுவார்கள். ஓட்டுவதற்கு முன்னால் சைரன் ஊதும். ஆனால் அவருக்குச் சைரன் மேல் நம்பிக்கை கிடையாது.

"சைரன் ஊதினா ஒருத்தன் காதுல வாங்காம இருப்பான்யா. சோறு துன்னலாம்னா வந்துருவான். வரலன்னா எங்கியோ கெடக்கறான்னு அர்த்தம்."

அதனால் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அவர் கண் முன்னால் உட்கார்ந்தால்தான் டிபன் பாக்ஸைத் திறக்க விடுவார். ஒரு ஆள் ஒன்றுக்குப் போயிருந்தால்கூடக் காத்திருக்க வேண்டும். பசியில் எங்களுக்குக் கோபம் வரும். முதுகுக்குப் பின்னால் அவரைக் கேலி பண்ணுவதில் நான்தான் முதல் ஆள். நல்லா நடித்துக் காட்டுவேன். குனிந்து நடந்து, விரல் நீட்டி எண்ணி, "ஒண்ணு கொறையுதே, ஒண்ணு கொறையுதே" என்று தன்னையே எண்ண மறந்து தேடுகிற மாதிரி. எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் அவர் வந்து நின்று பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "கொறையலியே? சரி" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு பழக்கம் சொல்ல வேண்டும். யாராவது தும்மினால் அவர் முகம் மாறிவிடும். "யாரு? யாரு தும்மனது?" என்று சுற்றிப் பார்ப்பார். கிளம்புகிற நேரத்தில் தும்மல் வந்தால் நம் ஜனம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும். அவர் தும்மினவனைத் தேடிப் போய்த் தோளைத் தட்டுவார். "நல்லதுப்பா. நல்லது. கெளம்பலாம்" என்பார். ஒருமாதிரி ஆளு என்று விட்டுவிட்டோம்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் அவர். ஐநூறு பேர் வந்து போகிற மண்டபம். எவன் வந்தான் எவன் போனான் என்று யாருக்குத் தெரியும். சாம்பார் ஊற்றியாயிற்று, அவர் சோற்றைப் பிசையவே இல்லை. கழுத்தை எக்கி எக்கி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, சாப்புடுங்க, ஆறிடும்" என்றேன். "நீ சாப்புடு. எனக்கு எத்தினி பேருன்னு தெரிலப்பா" என்று எழுந்து போய்விட்டார். நான் அதையும் மறுநாள் நடித்துக் காட்டினேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் கூட்டத்துக் குடும்பமெல்லாம் வேன் வைத்து வேளாங்கண்ணி போவோம். நாம் மாதாவுக்காகப் போவோம். கூட வருகிற இந்துக் குடும்பங்களும் வேண்டுதல் வைத்திருப்பார்கள். விடியும் முன்னால் அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் அடுப்பு எரியும். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், நார்த்தங்காய். அடுப்படி பெண்கள் பொறுப்பு. இலை அவர் பொறுப்பு.

மந்தார இலையைத் தைத்து அடுக்கி விற்பார்களே, அதில் கட்டு கட்டாக எடுத்து வருவார். சாப்பிட நிறுத்தின இடத்தில், கூப்பிடுவதற்கு முன்னாலேயே ஆளுக்கு ஒன்று எண்ணி வரிசையாகப் போட்டுவிடுவார். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு இலைமேலும் ஒரு கூழாங்கல். வந்து உட்காருகிறவர்கள் தங்கள் கல்லைத் தாங்களே எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்தவர் இலைமேல் இருக்கிற கல்லை யாரும் தொடக்கூடாது. கடைசியில் எந்த இலைமேலாவது கல் இருந்தால் ஒரு ஆள் வரவில்லை. வருகிற வரைக்கும் கரண்டியைத் தொட விடமாட்டார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. "எல மாமா, என் கல்லு பெருசு!" என்று கத்தும். பெரியவர்களுக்குக் கடுப்பு.

அந்த வருஷம் ஸ்டெல்லாவுக்கு எட்டு வயசு. நான் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்து ரெண்டாவது வேனில் ஏறினேன். நீங்களும் அம்மாவும் முதல் வேனில். கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் ஸ்டெல்லா.

"அப்பா, உன் வண்டியில வரேன்பா."

"இங்க எடம் இல்லடி. அம்மாகிட்ட போ."

"அங்க வாத்து போவுதுப்பா. நூறு இருக்கும். வந்து பாரேன்."

"போன்னு சொன்னேன்ல."

அவ்வளவுதான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று நான் பார்க்கவில்லை. அப்பாகிட்ட போறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், அதனால் அவள் என் வண்டியில் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். நான் அம்மா வண்டியில் இருக்கிறாள் என்று நினைத்தேன். ரெண்டு வண்டியும் கிளம்பிவிட்டது.

தரங்கம்பாடிக்குக் கொஞ்சம் முன்னால், கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு. மணி பன்னிரண்டு இருக்கும். வேன் நின்றதும் பிள்ளைகள் கடல் பக்கம் ஓடின. அந்தச் சத்தத்தில் ஸ்டெல்லாவும் இருக்கிறாள் என்று என் காது தானாக முடிவு பண்ணிக்கொண்டது. அவர் இலை போட்டு, கல் வைத்து, கையைத் தட்டிக் கூப்பிட்டார். ரெண்டு வரிசை. பெண்களும் சின்னப் பிள்ளைகளும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அண்டாவைத் திறந்தார்கள். நல்லெண்ணெயும் புளியும் வறுத்த கடலையும் கலந்த அந்த வாசனை! முதல் நாள் ராத்திரி சாப்பிட்டதுதான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வரிசைக் கடைசியில், என் பக்கத்தில் ஒரு இலை. அதன்மேல் கல்.

"யாருப்பா அது? ஒரு ஆளு வரணுமே" என்று அவர் அந்த மூலையிலிருந்து கேட்டார்.

"அட, ஒண்ணு கூட போட்டுட்டீங்கண்ணே!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக் கிடைத்ததும் எனக்கு இன்னும் தைரியம் வந்தது. எங்கள் வேன் டிரைவர் அந்தப் பக்கம் கை கழுவிவிட்டு வந்தார். டிரைவர்களுக்கு எல மாமா தனியாகப் பொட்டலம் கட்டி வண்டியில் வைத்துவிடுவார். இலை எண்ணிக்கையில் அவர்கள் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கல்லை நான் எடுத்தேன். எடுத்து மணலில் வீசினேன்.

"ஒக்காருங்கண்ணே. எல வீணாப் போவுது" என்று டிரைவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

எல மாமா வரிசையை ஒரு பார்வை பார்த்தார். எந்த இலையிலும் கல் இல்லை. "ம், போடுங்கம்மா" என்றார்.

வறுவல் வைத்தார்கள். புளிசாதம் வைத்தார்கள். நான் முதல் கவளத்தை வாயில் போட்டேன். அப்போது அவர் தண்ணீர்ச் சொம்போடு வரிசையாக வந்துகொண்டிருந்தார். டிரைவருக்கு எதிரில் வந்ததும் நின்றார். சொம்பு சாய்ந்து தண்ணீர் மணலில் கொட்டியது. அவருக்கு அது தெரியவில்லை.

"நீங்க எப்பிடிங்க இங்க ஒக்காந்தீங்க?"

டிரைவர் என்னைப் பார்த்தார்.

"இது யாரு எல?" அவர் குரல் எனக்குப் பழக்கமான குரலாக இல்லை. "கைய எடுங்க எல்லாரும். யாரும் சாப்புடாதீங்க. இது யாரு எல?"

ஒவ்வொருத்தராகத் தங்கள் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வரிசையில் உங்கள் அம்மா மடியில் அருளோடு என்னைப் பார்த்தாள்.

"ஸ்டெல்லா உங்ககிட்டதான இருக்கறா?"

வாயில் சோறு இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்றைக்கும் அந்தச் சோறு அங்கேயே நிற்கிறது.

கொஞ்சம் பேர் கடல் பக்கம் ஓடினார்கள். உங்கள் அம்மா எங்கள் கூட வண்டியில் ஏற வந்தாள். அவர் தடுத்தார். "நீ இரும்மா. இங்கியே எங்கனா இருந்து வந்துட்டான்னா, வந்ததும் அம்மா மூஞ்சிதான் தெரியணும்." பிறகு டிரைவர் உட்கார்ந்திருந்த இலையை எடுத்துத் தூரப் போட்டு, அதே இடத்தில் புது இலை போட்டார். பையிலிருந்து ஒரு கல் எடுத்து அதன்மேல் வைத்தார். "இத யாரும் தொடக் கூடாது" என்றார். அவரும் நானும் டிரைவரும் கிளம்பினோம்.

"என்னா கவுனு போட்டுருந்துது கொழந்த?" என்று அவர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்த பிள்ளை. என்ன நிறம் என்று வரவே இல்லை.

"மஞ்ச கவுனுங்க. செவப்பு ரிப்பன்" என்றார் டிரைவர்.

எனக்குக் கண்ணை மூடினால் வாத்து. நூறு வாத்து ஆற்றில் இறங்குகிறது, பின்னாலேயே மஞ்சள் கவுன். கண்ணைத் திறந்தாலும் அதுதான். மாதாவே மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. சீர்காழி தாண்டும்போது அவர் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"கல்ல நீயா எடுத்த?"

"ஆமாங்கண்ணே."

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடிப்பா. பெல்ட்டு நிப்பாட்டி அடியில வாரிக்கினு இருந்தாங்க. முடிஞ்சிதுன்னு எல்லாரும் வந்துட்டாங்க. நான் எண்ணல. கண்ணால பாத்தேன், எல்லாம் இருக்கற மாதிரிதான் இருந்துது. ஓட்டலாம்னு சொல்றதுக்கு போனக் கையில எடுத்துட்டேன். அப்ப பெல்ட்டுக்கு அடியிலேர்ந்து ஒரு தும்மல் சத்தம். ஒருத்தன் களைச்சிப் போயி அங்கியே படுத்துட்டான். மண்ணு மூக்குல ஏறித் தும்மனான். அவன் தும்மலன்னா நான் ஓட்டச் சொல்லியிருப்பேன்."

நான் நடித்துக் காட்டியதெல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. அவரைப் பார்க்க முடியவில்லை.

பாலத்தில் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "நீ அந்தப் பக்கம் பாரு. நான் இந்தப் பக்கம் பாக்கறேன்" என்றார். ஸ்டெல்லா, உன் அப்பா பார்க்கவில்லை. கையால் மூஞ்சியை மூடிக்கொண்டேன். ரெண்டு பக்கமும் அவர்தான் பார்த்தார்.

அதுக்கப்புறம் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கையில் தட்டு. கவுன் ஓரமெல்லாம் ஈரம்.

"அப்பா, இவங்க சட்னி சூப்பரா இருக்குப்பா. மூணு இட்லி சாப்புட்டேன்."

கடைக்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்தது. "ஏன்யா, பெத்தீங்களா, எங்கனா பொறுக்கிக்கினு வந்தீங்களா? வாத்து பின்னாடியே தண்ணி வரிக்கும் எறங்கிட்டுது. மேய்க்கறவன் தூக்கிக்கினு வந்து உட்டுட்டுப் போறான். போலீசுக்கு ஆளு அனுப்பலாம்னா இது அழுவவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்துருவாங்க வந்துருவாங்கன்னு சட்டமா ஒக்காந்துக்கினு இருக்குது!"

"எப்பிடிம்மா பயப்படாம இருந்த?" என்று அவர் உன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை.

"என் எலமேல கல்லு அப்பிடியே இருக்கும்ல மாமா. அதப் பாத்தா நான் இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். "ஆமாம்மா. கல்லு இருந்துது. அதப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

தோப்புக்குத் திரும்பும்போது மணி மூன்றாகப் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊட்டிவிட்டிருந்தார்கள். பெரியவர்கள் இலையில் வைத்தது வைத்தபடி. எறும்பு வந்திருந்தது. உங்கள் அம்மா அந்த ஒரு இலைக்கு எதிரில் மணலில் உட்கார்ந்து, அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ ஓடிப்போய், "பாத்தியாப்பா? என் கல்லு!" என்று அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினாய். அவர் மறுபடி எல்லாருக்கும் புது இலை போட்டார். மறுபடி எண்ணினார். பிறகு, "போடுங்கம்மா" என்றார்.

ஆறிப்போன புளிசாதம், காற்றில் பறந்து வந்த மணல் நறநறவென்று. அவ்வளவு பேரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சாப்பிட்டார்கள். உனக்கு அதுதான் ஞாபகம். மூணு இட்லிக்கு மேல் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். உலகத்திலேயே நல்ல சாப்பாடுதான் அது. நானும் இன்னொரு தடவை சாப்பிட ஆசைப்படுகிறேன். ஆனால் அதை நினைத்தாலே அதற்கு முன்னால் இருந்த மூணு மணி நேரமும் கூடவே வந்துவிடுகிறது.

அன்றைக்கு இலையெல்லாம் எடுக்கும்போது அவரிடம் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, வூட்டுல சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே சொல்லு. எப்பனா."

ரிட்டையர் ஆகி மேல்பட்டாம்பாக்கம் பக்கம் சொந்த ஊருக்குப் போகிற வரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் நான் ஒருதடவைகூட அவரை நடித்துக் காட்டவில்லை. அவரை மாதிரியே ஆகிவிட்டேன். பஸ்ஸில், கோயிலில், ஓட்டலில் நான் தலை எண்ணுவதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லாரும் வேன் வைத்துப் போகலாம் என்று பேசிக்கொள்கிறீர்கள். போவோம். ஸ்டெல்லா புளிசாதம் கட்டட்டும். இலையை நான் போடுகிறேன். கல் பொறுக்கி வைத்திருக்கிறேன், அலமாரியில் மஞ்சப்பையில் இருக்கிறது, குப்பை என்று யாரும் கொட்டிவிடாதீர்கள். என் கையால் வைக்கிற கல் எதையும் நான் எடுக்க மாட்டேன். எவ்வளவு பசித்தாலும் சரி.

ஸ்டெல்லா, உன் கல் அப்படியே இருக்கவில்லை. அதை எடுத்துப் போட்டது உன் அப்பா. திரும்ப வைத்தது அவர்.